மேலே பச்சை, கீழே உப்பு



தானியக் குவியல் ஒன்றுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் இந்த ஹதீஸ் முஸ்லிமில் உள்ளது.

கவனியுங்கள், நனைந்தது குற்றமல்ல. மறைத்ததுதான் குற்றம்.

நம் மரக்காணம் பக்கம் ஈ.சி.ஆர் ஓரத்து வீடுகளுக்குப் புல்தரை போட்டுத் தருபவர்களில் சிலர் செய்வதும் இதுதான். உப்பளத்தை ஒட்டிய மண் எப்படிப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். ஓரடிக்குச் செம்மண் நிரப்புவதாகப் பேசிப் பணம் வாங்கிவிட்டு, நாலு விரற்கடை மண்ணைத் தூவி, மேலே புல்லைப் பரப்பிவிடுகிறார்கள். கொஞ்ச நாள் பச்சையாக இருக்கும். கோடையில் கீழிருந்து உப்பு ஏறிப் புல் கருகும். கேட்டால், நீங்கள் தண்ணீர் ஊற்றவில்லை என்பார்கள். (பாதிப் பேர் போனையே எடுப்பதில்லை.)

குறையை அறிந்தே மறைத்து விற்பது ஆகுமானதல்ல. "இங்கே புல் நிற்காது, தென்னையோ புன்னையோ வையுங்கள்" என்று சொல்வதே அமானிதம். கூலி குறைந்தாலும் சரி.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர் என்ன செய்வது? இது ஹுகூகுல் இபாத், அடியார்களின் உரிமை. தௌபா மட்டும் போதாது. பேசிய மண்ணைக் கொட்டிக் கொடுக்க வேண்டும், இல்லையேல் அதற்குரிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும். வீட்டுக்காரர் வெளிநாட்டில் இருக்கிறாரா? இன்று அஸருக்குப் பின் போன் செய்யலாம்.