பின்னால் ஓடும் படமும் திக்கி நிற்கும் படமும்



உடைந்த பானை ஒட்டிக்கொள்வதையும், குளத்தில் குதித்தவன் கரைக்கே பறந்து வருவதையும் படங்களில் பார்த்து வியந்திருப்பீர்கள். இதில் மந்திரம் ஒண்ணும் இல்லை. பிரேம்களின் வரிசை மாறுகிறது, அவ்வளவுதான்.

பிரான்சின் லூமியர் சகோதரர்கள் 1896-இலேயே, சுவரை இடிக்கும் படத்தைப் பின்னோக்கி ஓட்டி, இடிந்த சுவர் எழுந்து நிற்பதைக் காட்டினார்கள். பிலிம் காலத்தில் இந்த வேலையை லேபில் உள்ள ஆப்டிகல் பிரிண்டர் செய்தது. நம் காவிரிக் கரைக் குடும்பத்தின் கதையான 'மகாநதி' (1994), ஆவிட் கணினி கொண்டு தொகுக்கப்பட்ட முதல் இந்தியப் படம் என்று சொல்லப்படுகிறது. இன்றோ நம் வீட்டுக் கம்ப்யூட்டரே போதும்.

1. ரிவர்ஸ் செய்வது எப்படி?

பிரீமியரில் கிளிப்பைத் தேர்ந்தெடுத்து 'ஸ்பீட் டியூரேஷன்' திறந்து 'ரிவர்ஸ் ஸ்பீட்' கட்டத்தில் டிக் செய்யவும். இலவசமாகக் கிடைக்கும் டாவின்சி ரிசால்வில் 'சேஞ்ச் கிளிப் ஸ்பீட்' என்ற இடத்தில் இதே வசதி உண்டு. ஒலியை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் பேச்சு உளறலாகக் கேட்கும்.

ரிவர்ஸ் செய்ததும் படம் தடுமாறி ஓடினால் பயப்பட வேண்டாம். செல்போன் எல்லாப் பிரேமையும் முழுசாகப் பதிவதில்லை. ஒரு முழுப் பிரேமை எழுதிவிட்டு, அடுத்தடுத்த பிரேம்களில் மாறியதை மட்டும் குறித்துக்கொள்கிறது. பின்னோக்கிப் போக, கணினி ஒவ்வொரு தடவையும் அந்த முழுப் பிரேமிலிருந்து கணக்குப் போட்டு வர வேண்டும். ஒரு தடவை ரெண்டர் செய்துவிட்டால் சரியாகிவிடும்.

2. எந்தக் காட்சி பொருந்தும்?

ஊஞ்சலை ரிவர்ஸ் செய்தால் யாருக்கும் தெரியாது. காலம் போகும் திசை கண்ணுக்குத் தெரிகிற காட்சி வேண்டும். புகை, தண்ணீர், விதை தெளித்தல் போன்றவை நல்லது. நடவை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் பின்னால் நகர்ந்தபடியே நடுவார்கள். ரிவர்ஸ் செய்தால் முன்னால் நடந்து வந்து நாற்றைப் பிடுங்குவார்கள்! வெளியூர்க்காரருக்கு அது நாற்றுப் பறிப்பாகத் தோன்றலாம். நம் ஊர்க்காரர் உடனே சிரித்துவிடுவார்.

3. திக்கல் அசைவு (ஸ்டட்டர்)

முதல் வழி: ஒரே பிரேமைப் பிடித்து நிறுத்துவது. நம் வீடியோ வினாடிக்கு 25 பிரேம் என்றால், ஐந்தில் ஒன்றை மட்டும் எடுத்து அதையே ஐந்து தடவை காட்டுங்கள். வினாடிக்கு 5 படம்தான் மாறும். பிரீமியரின் 'போஸ்டரைஸ் டைம்' எபெக்டில் 5 என்று கொடுத்தால் வேலை முடிந்தது.

இரண்டாம் வழி: முன்னும் பின்னும் ஆட்டுவது. 10 பிரேம் முன்னே, 5 பிரேம் பின்னே என வெட்டி அடுக்குங்கள்:

1–10, 10–6, 6–15, 15–11, 11–20, 20–16, 16–25.

மொத்தம் 55 பிரேம். ஒரு வினாடி ஷாட் 2 வினாடி 5 பிரேமாக நீளும். தவிலில் அடி விழும் இடத்தில் வெட்டு வந்தால் அழகு. பாட்டு முழுக்கச் செய்தால் தலைவலிதான்.

4. ஒரு எச்சரிக்கை

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபின், எங்கள் கொல்லையில் சாய்ந்து நின்ற கடைசித் தென்னையை மெஷின் வைத்து அறுத்தார்கள். அதைச் செல்போனில் எடுத்து வைத்திருந்தேன். ரிவர்ஸ் கற்றுக்கொண்ட அன்று அதைத்தான் முதலில் போட்டுப் பார்த்தேன். மரம் மெல்ல எழுந்து நின்றது. அம்மா "இன்னொரு தடவை போடுப்பா" என்றார். மூன்று தடவை போட்டேன். அப்பா மட்டும், "கன்னு வச்சா காய்க்க ஆறேழு வருஷம் ஆவும்டா" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அன்று எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வித்தை பார்ப்பவர் மனசைத் தொடும். அதனாலேயே பொய்க்கும் உதவும். ஊருக்குள் வந்த கூட்டம் ஓடிப்போவதாகவும், கொடுத்த பணம் வாங்கியதாகவும் காட்டிவிட முடியும். ஆகவே கதைக்கும் பாட்டுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள். செய்திப் படத்தில் கை வைக்காதீர்கள். அசல் கிளிப்பை அழிக்காமல் தனியே பத்திரப்படுத்துங்கள்.

கற்போம், கற்றதை நேர்மையாகப் பயன்படுத்துவோம்!