பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கு அடையாள அட்டை எடுத்தாச்சா?



பிள்ளை சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறது. டியூசன் காசும் கட்டியாயிற்று. ஆனால், "பிள்ளைக்கு ஐ.சி. எடுத்தாச்சா?" என்று கேட்டால், "அதுக்கு இன்னும் நாள் இருக்குதானே" என்றுதான் பல லயங்களில் பதில் வருகிறது. பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பக்கத்துப் பெற்றோர் அனைவரும் அறிய வேண்டிய விடயம் இது. ஆகவே, இம்முறை நமது பாடம் அடையாள அட்டை பற்றியது.

ஏன் கேட்கிறார்கள்?

ஒருவர் பெயரில் இன்னொருவர் பரீட்சை எழுதுவதை ஆள்மாறாட்டம் என்கிறோம். 2019ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தேனி அரசு மருத்துவக் கல்லூரியில் இப்படி ஒன்று பிடிபட்டது. நுழைவுத் தேர்வு அனுமதிச் சீட்டில் இருந்த படமும், கல்லூரியில் சேர்ந்த மாணவரின் முகமும் ஒத்துப்போகவில்லை. விசாரித்தபோது, தேர்வை எழுதியவர் வேறு ஆள் என்று தெரிந்தது. கஷ்டப்பட்டுப் படித்த பிள்ளையின் இடம் களவு போகாமல் இருக்கத்தான் மண்டபத்தில் படத்தையும் முகத்தையும் ஒத்துப் பார்க்கிறார்கள். இது நம் பிள்ளைக்கும் பாதுகாப்பே.

எது செல்லும்?

தேசிய அடையாள அட்டை செல்லும். அது இல்லாவிட்டால் செல்லுபடியான கடவுச்சீட்டு அல்லது சாரதி அனுமதிப்பத்திரம். 15, 16 வயதுத் தோட்டத்துப் பிள்ளைக்கு அவை எங்கே இருக்கும்? ஆகவே நமக்கு அடையாள அட்டைதான் வழி. அட்டை வந்து சேரத் தாமதமானால், ஆட்பதிவுத் திணைக்களம் படத்துடன் கொடுக்கும் உறுதிப்படுத்தல் கடிதத்தைக் காட்டலாம். அதைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பு 16 வயதில்தான் அட்டை எடுக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் அதை 15 ஆக்கியது. ஆகவே பிள்ளை பத்தாம் ஆண்டு படிக்கும்போதே வேலையைத் தொடங்கலாம்.

முதல் படி: பிறப்புச் சான்றிதழ்

நமது சிக்கல் பெரும்பாலும் இங்கேதான். 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நம்மவர்கள் நாடற்றவர்களானார்கள். அது முற்றாகத் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பத்திரம் இல்லாமலே வாழ்ந்து பழகிய தாத்தா, பாட்டி காலத்துப் பழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. ஆனால் இன்று பத்திரம் இல்லாமல் பிள்ளைக்கு ஒரு கதவும் திறக்காது.

பிறப்பைப் பதியாமல் விட்டிருந்தால் பயப்பட வேண்டாம். காலம் கடந்த பதிவு என்று ஒரு முறை இருக்கிறது. பிரதேச செயலகத்தில் உள்ள பதிவாளர் பகுதியில் கேளுங்கள். கிளினிக் அட்டை, ஞானஸ்நானச் சான்றிதழ், சாதகம், பாடசாலைப் பதிவு, எது கையில் இருந்தாலும் எடுத்துப் போங்கள். இதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அதனால்தான் முந்தச் சொல்கிறோம்.

பெயரும் தேதியும்

பிறப்புச் சான்றிதழில் "முத்துலெட்சுமி", பாடசாலை இடாப்பில் "லட்சுமி", தகப்பன் பெயர் ஓரிடத்தில் ஒரு மாதிரி, வேறிடத்தில் வேறு மாதிரி. இது நம் வீடுகளில் சாதாரணம். பரீட்சை அனுமதி அட்டையில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருந்தால் மண்டபத்திலேயே கேள்வி எழும். பின்னால் வேலைக்குப் போகும்போதும் அந்தக் கேள்வி தொடரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பாருங்கள்.

தேதி அதைவிட முக்கியம். அட்டை இலக்கத்துக்குள்ளேயே பிறந்த நாள் இருக்கிறது. இப்போதைய இலக்கம் 12. முதல் நான்கும் பிறந்த வருடம், அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் பிள்ளை என்றால் அந்த எண்ணோடு 500ஐக் கூட்டுவார்கள். 2009 பெப்ரவரி 1ஆம் திகதி என்பது வருடத்தின் 32ஆம் நாள். அன்று பிறந்த பையனின் இலக்கம் 2009032 என்றும், பெண் பிள்ளையின் இலக்கம் 2009532 என்றும் தொடங்கும். தேதி பிழைத்தால் இலக்கமே பிழைத்துவிடும்.

யாரிடம் போவது?

பாடசாலையில் படிக்கும் பிள்ளையின் விண்ணப்பத்தை அதிபர் உறுதிப்படுத்துவார். பள்ளியை விட்டுத் தோட்டத்தில் இருக்கும் பிள்ளைக்குத் தோட்டத் துரை. மற்றவர்களுக்குக் கிராம சேவகர். படத்தைக் கண்ட இடத்தில் பிடிக்காதீர்கள். ஆட்பதிவுத் திணைக்களத்தில் பதிந்த ஸ்டூடியோவில் பிடித்து, அவர்கள் தரும் ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

மறக்காதீர்கள்:

1. இந்த வாரமே பிறப்புச் சான்றிதழைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் இன்றே விசாரியுங்கள்.
2. பெயர், தேதி, பெற்றோர் பெயர் மூன்றையும் பாடசாலைப் பதிவோடு ஒத்துப் பாருங்கள்.
3. 15 வயது ஆனதும் அதிபரிடம் விண்ணப்பம் கேளுங்கள்.
4. அட்டை கைக்கு வந்ததும் எழுத்துப் பிழை உண்டா என்று பாருங்கள்.
5. தொலைந்தால் பொலிசில் முறைப்பாடு செய்து, அந்தப் பிரதியோடு மறுபடி விண்ணப்பியுங்கள்.
6. பரீட்சை நாட்களில் அனுமதி அட்டையையும் அடையாள அட்டையையும் முதல் நாள் இரவே பையில் வைத்துவிடுங்கள்.

கந்தோருக்குப் போனால் ஒரு நாள் பேர் போகும் என்று யோசிக்கிறீர்கள். நியாயம்தான். ஒரு நாள் பேர் அடுத்த மாதம் திரும்ப வரும். தவறிய பரீட்சைக்குப் பிள்ளை ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வருடத்தில் எத்தனை பிள்ளைகள் படிப்பை விட்டுக் கொழும்புக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள் என்று உங்கள் லயத்திலேயே எண்ணிப் பாருங்கள்.