புத்தளத்து உப்பும் அயனாக்க முறைகளும்

புத்தளக் கரையோரத்தில் பாலாவியை அண்டிய உப்பளங்களில் களப்பு நீரை வெயிலிலும் காற்றிலும் ஆவியாகவிட்டு உப்பு பெறப்படுகின்றது. இதன் பிரதான கூறு சோடியம் குளோரைட்டு ஆகும். இது சோடியம் அயன்களையும் குளோரைட்டு அயன்களையும் கொண்ட அயன் சேர்வை. இவ்வயன்களின் திணிவை அறிய உதவும் கருவி திணிவு நிறமாலைமானி ஆகும்.

கருவியில் நிகழும் மூன்று படிகள்

1. அயனாக்கம் - மாதிரியிலிருந்து வாயு நிலையில் அயன்கள் பெறப்படும்.
2. வேறாக்கல் - வெற்றிடத்தில் மின்புலத்தால் அல்லது காந்தப்புலத்தால், திணிவுக்கும் ஏற்றத்துக்கும் இடையிலான விகிதத்திற்கேற்ப அயன்கள் பிரிக்கப்படும்.
3. உணர்தல் - ஒவ்வொரு வகை அயனும் நிறமாலையில் ஓர் உச்சியாகப் பதியப்படும்.

அயனாக்க முறையைத் தெரிவுசெய்தல்

உப்புக் கரைசலுக்கு மின்தெளிப்பு அயனாக்கம் பொருத்தமானது. நுண்ணிய ஊசியிலிருந்து, சில ஆயிரம் வோல்ற்று அழுத்த வேறுபாட்டில் கரைசல் தெளிக்கப்படும். துளிகளிலுள்ள கரைப்பான் ஆவியாக, அயன்கள் எஞ்சும்.

நேர் முறை: கருவியின் நுழைவாயில் சார்பாக ஊசி நேரழுத்தத்தில் இருக்கும். நேர் அயன்கள் உட்செல்லும்.
மறை முறை: ஊசி மறையழுத்தத்தில் இருக்கும். மறை அயன்கள் உட்செல்லும்.

கவனிக்க: கரைசலை நன்கு ஐதாக்க வேண்டும். இல்லையெனில் நுழைவாயிலில் உப்புப் படியும்.

பெறப்படும் உச்சிகள் (தனி அயன்கள் மட்டும்)

நேர் முறை: 23 இல் ஓர் உச்சி. இயற்கைச் சோடியத்தில் ஒரேயொரு சமதானியே உண்டு.
மறை முறை: 35, 37 ஆகியவற்றில் இரு உச்சிகள். உயரங்களின் விகிதம் ஏறத்தாழ 3 : 1.

குளோரினின் இவ்விரு சமதானிகளையும், 1919 இல் தாம் அமைத்த கருவியின் உதவியால் பிரான்சிஸ் அஸ்டன் இனங்கண்டார். 1922 இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

மாதிரி வினா

நேர் முறையில் மட்டும் உப்பைச் சோதித்த மாணவன் ஒருவன், "இதில் குளோரின் இல்லை" என முடிவு செய்தான்.
(i) இம்முடிவு சரியானதா?
(ii) குளோரினின் சாரணுத்திணிவைக் கணிக்க.
(iii) 35.5 இல் உச்சி தோன்றாதது ஏன்?

விடை

(i) தவறு. குளோரைட்டு மறை அயன் ஆதலால் நேர் முறையில் அது உணரியை அடையாது. உச்சி இல்லாமையால் மட்டும் பதார்த்தம் இல்லை எனக் கூற முடியாது. எம்முறையில் சோதித்தோம் என்பதையும் நோக்க வேண்டும்.
(ii) (35 × 3 + 37 × 1) ÷ 4 = 142 ÷ 4 = 35.5
(iii) 35.5 என்பது சராசரிப் பெறுமானமாகும். அத்திணிவுடைய குளோரின் அணு எதுவும் இல்லை. இரு சமதானிகளிலும் 17 புரோத்தன்கள் உள்ளன. நியூத்திரன்கள் முறையே 18, 20 ஆகும்.