செய்தியாளரும் மக்கள் தொடர்பு அலுவலரும்: பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கை



சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் உயர்தரத்தில் எப்பாடங்களைத் தெரிவு செய்வது என்ற கேள்வி உங்கள் முன் வரும். ஊடகத்துறையை விரும்புவோர் பலர் வானொலியில் பேசுவதையும் தொலைக்காட்சியில் தோன்றுவதையுமே மனதிற் கொண்டுள்ளனர். பல்கலைக்கழகம் சென்ற பின்னரே அங்கு வாசிப்பும் எழுத்தும் சட்டமும் ஆய்வுமுறையும் எவ்வளவு அதிகம் என்பதை அறிகின்றனர். எனவே அத்துறையினுள் எவை அடங்குகின்றன என்பதையும், அடிக்கடி ஒன்றாகக் கருதப்படும் இரு தொழில்களின் வேறுபாட்டையும் இப்பகுதியில் நோக்குவோம்.

மூன்று பெயர்களும் அவற்றின் பொருளும்

ஊடகக் கற்கை என்பது ஊடகங்கள் சமூகத்தில் எவ்வாறு இயங்குகின்றன என ஆராயும் அறிவுத்துறையாகும். ஒரு செய்தியை யார் சொல்கிறார், எதைச் சொல்கிறார், எந்த ஊடகம் வழியாகச் சொல்கிறார், அது யாரைச் சென்றடைகிறது, அதனால் என்ன விளைவு ஏற்படுகிறது எனப் பிரித்து நோக்கும் முறையை ஹரோல்ட் லாஸ்வெல் 1948இல் முன்வைத்தார். இவ்வைந்து வினாக்களும் பரீட்சைக்கு மட்டுமன்றி, நாளாந்தம் பத்திரிகை வாசிப்பதற்கும் உதவும்.

இதழியல் என்பது செய்தியைத் தேடி, சரிபார்த்து, எழுதி வெளியிடும் தொழிலுக்கான கல்வி. அமெரிக்காவின் மிசூரிப் பல்கலைக்கழகம் 1908இல் இதற்கெனத் தனியான கல்லூரியை ஆரம்பித்தது. வகுப்புகள் தொடங்கிய நாளிலேயே மாணவர் தயாரித்த செய்தித்தாளும் வெளிவந்தது. செய்தி எழுதுதலைச் செய்தே கற்க வேண்டும் என்ற கொள்கை அன்றிலிருந்து நிலைத்துவிட்டது.

மக்கள் தொடர்பு என்பது ஒரு நிறுவனத்துக்கும் அதனோடு தொடர்புடைய மக்களுக்கும் இடையே நல்லுறவையும் நம்பிக்கையையும் பேணும் பணி. எட்வேர்ட் பெர்னேஸ் 1923இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் இதனை ஒரு பாடமாகக் கற்பித்தார். இது விளம்பரத்திலிருந்து வேறுபட்டது. விளம்பரத்துக்கு நிறுவனம் பணம் செலுத்தி இடத்தை வாங்குகிறது. ஊடக அறிக்கையை வெளியிடுவதா இல்லையா என்பதைப் பத்திரிகையின் ஆசிரியபீடமே தீர்மானிக்கிறது.

ஐவி லீ என்பவரின் கதை

இத்தொழிலின் முன்னோடிகளுள் ஒருவரான ஐவி லீ முன்னர் பத்திரிகையாளராக இருந்தவர். 1906 ஒக்டோபரில் அத்லாந்திக் சிற்றி என்னுமிடத்தில் பென்சில்வேனியா ரெயில்வே கம்பனியின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அக்காலக் கம்பனிகள் விபத்துகளை மறைப்பதே வழக்கம். லீ அதற்கு மாறாக, விபத்து பற்றிய தகவல்களை அறிக்கையாக எழுதிப் பத்திரிகைகளுக்கு வழங்கினார். செய்தியாளர்களை விபத்து நடந்த இடத்துக்கு அழைத்துச் செல்லவும் ஏற்பாடு செய்தார். இதுவே முதலாவது ஊடக அறிக்கை எனப் பல பாடநூல்கள் குறிப்பிடுகின்றன.

பெரும்பாலான குறிப்புப் புத்தகங்கள் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. எட்டு வருடங்களின் பின் நடந்ததையும் நீங்கள் அறிய வேண்டும். 1914 ஏப்ரலில் கொலராடோ மாநிலத்தின் லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கித் தீயிடப்பட்டன. பெண்களும் சிறுவர்களும் இறந்தனர். சுரங்கக் கம்பனியின் பெரும்பங்கு ரொக்பெல்லர் குடும்பத்திடம் இருந்தது. அக்குடும்பத்துக்காகப் பணியாற்றிய லீ, கம்பனியின் தரப்பை விளக்கும் துண்டறிக்கைகளை நாடெங்கும் அனுப்பினார். அவற்றில் தொழிற்சங்கத் தலைவர்களின் சம்பளம் பன்மடங்கு பெருப்பித்துக் காட்டப்பட்டிருந்தது. அரச ஆணைக்குழு விசாரித்தபோது, கம்பனித் தரப்பு கொடுத்த தகவல்களைத் தாம் சரிபார்க்கவில்லை என்பதை லீ ஏற்றுக்கொண்டார்.

ஒரே மனிதர், ஒரே எழுத்துத் திறன். முதலாவது சந்தர்ப்பத்தில் மக்களுக்குத் தகவல் கிடைத்தது. இரண்டாவதில் பிள்ளைகளை இழந்தோரின் தரப்புக்கே அவப்பெயர் தேடப்பட்டது. பல்கலைக்கழகங்களில் ஊடக ஒழுக்கவியல் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுவதன் காரணத்தை இச்சம்பவங்களைக் கொண்டு விளக்கலாம்.

நம் ஊரில் வைத்துப் பார்ப்போம்

ஒரு பிரதேச சபை 200 குடும்பங்களுக்குக் குழாய்நீர் வழங்கும் திட்டத்தைத் திறந்து வைக்கிறது எனக் கொள்வோம். சபையின் ஊடக அறிக்கையில் செலவுத்தொகை, திறப்புவிழாத் திகதி, தவிசாளரின் உரை ஆகியன இருக்கும். அதில் பொய் ஏதும் இல்லாமலும் இருக்கலாம். அதை அப்படியே பிரசுரித்தால் அது செய்தியாகுமா?

செய்தியாளர் அவ்வூருக்குப் போக வேண்டும். எத்தனை வீடுகளில் உண்மையாகவே நீர் வருகிறது? ஒரு நாளைக்கு எத்தனை மணித்தியாலம்? இணைப்புக் கட்டணம் செலுத்த முடியாதவர்கள் யார்? இவற்றை வீட்டுக்காரரிடம் கேட்டு, பின்னர் சபையின் பதிலையும் பெற்று எழுத வேண்டும். அலுவலகம் பதில் தராவிட்டால் வேறு வழியும் உண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி எந்தப் பிரசையும் தகவல் கோரலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தமது தீர்மானத்தைத் தெரிவிக்க வேண்டும். இதற்கு ஊடகவியலாளர் அடையாள அட்டை தேவையில்லை.

இனி மக்கள் தொடர்பு அலுவலரின் நிலையைப் பாருங்கள். அவருக்குச் சம்பளம் தருவது சபை. சபையின் நற்பெயரைக் காப்பது அவரது கடமை. ஒரு நாள் அந்நீர் குடிக்க உகந்ததல்ல எனப் பரிசோதனை முடிவு வருகிறது. மேலதிகாரி, “இரண்டு நாள் பொறுப்போம்” என்கிறார். அந்த இரண்டு நாளும் பிள்ளைகள் அந்த நீரையே குடிப்பார்கள். உடனே அறிவிக்க வேண்டும் என மேலதிகாரியிடம் வற்புறுத்துபவரே இத்தொழிலை உண்மையாகக் கற்றவர். மறைத்தது பின்னர் வெளிவந்தால் காப்பாற்ற நினைத்த நற்பெயரும் மிஞ்சாது.

ஆகவே இருவரும் ஒரே பேனாவையும் ஒரே கமெராவையும் பயன்படுத்தினாலும் செய்தியாளர் வாசகருக்குப் பொறுப்புடையவர்; மக்கள் தொடர்பு அலுவலர் தம் நிறுவனத்தின் சார்பாகப் பேசுபவர், அதை வெளிப்படையாகக் கூற வேண்டியவர். உண்மை பேசும் கடமை இருவருக்கும் பொது. விடை எழுதும்போது மக்கள் தொடர்பை வெறும் பிரசாரம் என எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம்.

எங்கே கற்கலாம்?

களனிப் பல்கலைக்கழகத்தில் வெகுசனத் தொடர்பாடல் துறையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஊடகக் கற்கைகள் துறையும், கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் மொழிகள் மற்றும் தொடர்பாடல் கற்கைகள் துறையும் உள்ளன. மொழிமூலம், தேவையான பாடங்கள், இசட் வெட்டுப்புள்ளி ஆகியவற்றைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் கைநூலில் அவ்வவ்வாண்டுக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். அண்ணன்மார், அக்காமார் சொல்வது அவர்களது ஆண்டுக்குரியது. அனுமதி கிடைக்காதோருக்கு டிப்ளோமாக் கற்கைகளும் உண்டு. இலங்கை இதழியல் கல்லூரி 2004இல் தொடங்கப்பட்டது.

உயர்தரக் கலைப்பிரிவில் தொடர்பாடலும் ஊடகக் கற்கையும் ஒரு பாடமாக உள்ளது. அதனுடன் அரசியல் விஞ்ஞானத்தையோ பொருளியலையோ சேர்த்துக் கற்பது நல்லது. கணிதத்துக்கு அஞ்சி இத்துறைக்கு வருவோருக்கு ஒரு சொல்: வரி 10 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்ந்தால், அது 5 வீதப் புள்ளிகளால் உயர்ந்துள்ளது, ஆனால் வரிவீதம் முன்னிருந்ததை விட 50 வீதம் கூடியுள்ளது. அரசாங்கத் தரப்பு முதலாவதைச் சொல்லும், எதிர்க்கட்சி இரண்டாவதைச் சொல்லும். இரண்டும் சரி. வாசகருக்கு விளக்க வேண்டியவர் செய்தியாளரே. சிங்களமும் ஆங்கிலமும் இப்போதிருந்தே பழகுங்கள். இரு தரப்பையும் அவரவர் மொழியில் கேட்கக் கூடியவருக்கு இந்நாட்டில் என்றும் வேலை உண்டு.

உங்கள் பெற்றோர் இத்துறைக்கு அனுப்பத் தயங்கக்கூடும். அத்தயக்கம் காரணமற்றதன்று. பீபீசி தமிழ், சிங்கள சேவைகளுக்கும் வீரகேசரிக்கும் செய்தி வழங்கிய மயில்வாகனம் நிமலராஜன் 2000 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டார். அவர்களுடன் இதையும் சேர்த்தே பேசி முடிவெடுங்கள்.

மாதிரி வினா

“எமது தொழிற்சாலையின் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் நேற்றுத் திறந்து வைக்கப்பட்டது. இதனால் சுற்றாடல் முழுமையாகப் பாதுகாக்கப்படுகிறது.” இது ஒரு தொழிற்சாலை அனுப்பிய ஊடக அறிக்கையின் பகுதி.

(அ) இதில் உள்ள தகவல் ஒன்றையும் கருத்து ஒன்றையும் வேறுபடுத்துக.
(ஆ) இதனைச் செய்தியாக எழுதுமுன் நீங்கள் சந்திக்கும் மூவரைக் குறிப்பிட்டு, ஒவ்வொருவரிடமும் கேட்கும் வினா ஒன்றை எழுதுக.
(இ) அத்தொழிற்சாலையின் மக்கள் தொடர்பு அலுவலர் நீங்களாயின் இரண்டாவது வாக்கியத்தை எவ்வாறு மாற்றி எழுதுவீர்கள்? காரணம் தருக.

குறிப்பு: (ஆ) வினாவில் பலர் அதிகாரிகள் மூவரை மட்டும் எழுதுவர். தொழிற்சாலைக்கு அருகில் கிணறு வைத்திருப்பவரை மறக்க வேண்டாம். (இ) வினாவில் “முழுமையாக” என்ற சொல்லைக் கவனிக்குக.