தங்கச்சி காலேஜ் ஃபீஸ்: நீங்க கட்டினா வரிச்சலுகை யாருக்கு?

வல்லம் வடகால் சிப்காட்ல வேலை, ஊர்ல தங்கச்சிக்கு காலேஜ். பாதி ஃபீஸ் உங்க சம்பளத்துலதான் போகுது. அதை 80சி-யில காட்டலாமா? முடியாது. அந்தச் சலுகை சொந்தப் பிள்ளைகளோட டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான். கல்விக் கடன் வட்டிக்கான 80இ-லயும் தான், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், இல்லைன்னா சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவர், அவ்வளவுதான். அண்ணன்ங்கிற உறவே அங்க கணக்குல வராது!

முதல்ல செல்வமகள் கணக்கு இருக்கான்னு வீட்ல கேளுங்க. 18 வயசு ஆனாலோ, பத்தாவது முடிச்சிருந்தாலோ, போன நிதியாண்டு முடிவுல இருந்த பேலன்ஸ்ல 50% வரைக்கும் படிப்புக்கு எடுக்கலாம். வரி கிடையாது. மீதிக்கு மட்டும் லோன். தங்கச்சியும் அப்பாவும் சேர்ந்து வாங்கட்டும்.

இங்கதான் பலர் கோட்டை விடுறாங்க. 80இ-க்கு உச்சவரம்பு இல்லை, 8 வருஷம் வரை கிடைக்கும். ஆனா கடன் வாங்கினவர், வரிக்கு உட்பட்ட தன்னோட வருமானத்துல இருந்து வட்டி கட்டணும். இஎம்ஐ உங்க அக்கவுன்ட்ல இருந்து போனா, உங்களுக்கும் இல்லை, அவங்களுக்கும் இல்லை. தங்கச்சிக்கு வேலை கிடைச்சதும் இஎம்ஐ அவங்க சம்பளத்துல போகட்டும். வீட்டு மளிகை, கரன்ட் பில்லை நீங்க எடுத்துக்கோங்க. வீட்டுச் செலவு அதேதான், சலுகை மட்டும் கூடுதல்.

ஒண்ணு, இதெல்லாம் பழைய வரி முறையில மட்டும். 2025-26-ல புது முறையில 12.75 லட்சம் சம்பளம் வரை வரியே இல்லை. அவங்க சம்பளம் அதுக்குள்ளன்னா 80இ-யை மறந்துட்டு, அசலைச் சீக்கிரம் அடைங்க.