தோமையார் செவியில் விழுந்தது



மயிலாப்பூர்க் கடற்கரையோரத்துச் சாந்தோம் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டவராகக் கிறித்தவ மரபு போற்றும் திருத்தூதர் தோமையார், கண்ணால் கண்டாலன்றி நம்புவதில்லை என்று அடம்பிடித்தவராகவே பலர் நினைவில் நிற்கிறார். சந்தேகத் தோமா என்னும் பட்டப்பெயரும் அவரை விட்டபாடில்லை. யோவான் நற்செய்தியின் 20-ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிப்பவருக்கோ வேறொன்றும் புலப்படும். ஆணித் தழும்பில் விரலையும் விலாவில் கையையும் இட்டுப் பார்க்க வேண்டும் என்று தோமையார் மற்றச் சீடர்களிடம் சொன்ன வேளையில், உயிர்த்தெழுந்த இயேசு அங்கே காணப்படவில்லை. எட்டு நாள் கழித்து, பூட்டிய கதவுகளுக்குள் வந்து நின்றவர், ஏறக்குறைய அதே சொற்களை அவரிடமே திருப்பிச் சொல்லி, விரலையும் கையையும் நீட்டுமாறு அழைத்தார். தோமையார் தொட்டாரா என்பதை நற்செய்தியாளர் எழுதவில்லை (ஓவியர்கள்தாம் அவரைத் தொடவைத்துவிட்டார்கள்). உடனே எழுந்த விசுவாச அறிக்கையை மட்டும் எழுதுகிறார். கண்டதனால் நம்பியதாக இயேசுவே அவரிடம் சொல்வது உண்மைதான். ஆயினும் அந்தக் காட்சியோடு, தாம் தனியே பேசியதாக எண்ணியவை எல்லாம் முன்பே கேட்கப்பட்டிருந்தன என்ற உணர்வும் அவரை ஆட்கொண்டிருக்க வேண்டும் என்று கருத இடமுண்டு.

விசுவாசம் கேள்வியால் வரும் என்று உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 10-ஆம் அதிகாரத்தில் பவுல் கூறுவதும் இதனோடு இணையும். அங்கே கேள்வி என்பது அறிவிக்கப்படும் கிறிஸ்துவின் வார்த்தையைச் செவிமடுப்பது. காதருகே யாரோ பேசுவதுபோன்ற அனுபவத்தை அவர் அனைவருக்கும் நிபந்தனையாக்கவில்லை.

ஆண்டவர் தம்மிடம் பேசினார் என்று சொல்வது சென்னையின் ஜெபக் கூட்டங்களில் வெகு எளிதாக வழங்குவதால், கேட்டது இறைவனின் குரலா, சொந்த ஆசையின் குரலா என்று பிரித்தறியும் அளவுகோல் தேவைப்படுகிறது. பாளையங்கோட்டையில் 1891-இல் பிறந்து, பின்னர் கோயம்புத்தூர்ப் பேராயராக விளங்கிய ஏ.ஜே. அப்பாசாமி, கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியவர். இந்தியத் தத்துவ மரபிலிருந்து பிரமாணம், அதாவது மெய்யறிவுக்கு ஆதாரமாவது, என்னும் கருத்தை எடுத்துக்கொண்டு, திருமறையாகிய சுருதி, ஆராயும் அறிவாகிய யுக்தி, நேரில் உணரும் அனுபவம், விசுவாசிகளின் கூட்டமாகிய சபை என நான்கினை முன்வைத்தார். அனுபவத்துக்கு அவர் உயர்ந்த இடமே தந்தார். எனினும் மற்ற மூன்றும் உடன் நிற்கையில், ஒருவர் தம் ஆசையையே அருள்வாக்காகக் கொள்வது அத்தனை எளிதன்று.

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் பல சபைகள் வழங்கும் வாக்குத்தத்த அட்டையை, அதாவது வரும் ஆண்டுக்கென ஒரு வேதவசனம் அச்சிட்ட சிறு அட்டையை, இவ்வகையில் சோதித்துப் பார்க்கலாம். எரேமியா 29:11, நல்ல எதிர்காலத்தை உறுதியளிப்பதால், அட்டைகளில் விரும்பி அச்சிடப்படும் வசனம்; வேலைக்கும் திருமணத்துக்கும் காத்திருப்பவர் அதை இவ்வாண்டிலேயே நிறைவேறும் சொல்லாக எடுத்துக்கொள்வது இயல்பே. ஆனால் அந்த அதிகாரம் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டோருக்கு எரேமியா அனுப்பிய கடிதம். வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்று சொல்லும் அக்கடிதம், மீட்சிக்கு 70 ஆண்டு ஆகும் என்பதை முந்தின வசனத்திலேயே குறிக்கிறது. அதற்கும் சற்று முன்னே, இறைவன் பெயரால் பொய்யுரைக்கும் தீர்க்கதரிசிகளுக்குச் செவிகொடுக்க வேண்டாம் என்றும் எச்சரிக்கிறது.