நாணயச் சேகரிப்பில் ‘வெரி குட்’ என்பதன் பொருள்

சில மாதங்களுக்கு முன், பணி ஓய்வு பெற்ற வாடிக்கையாளர் ஒருவர் நமது கிளைக்கு வந்தார். அவரிடம் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் காலத்து வெள்ளி ரூபாய் ஒன்று இருந்தது. “இது ‘வெரி குட்’ தரம், நாணயச்சாலைக் குறியே இல்லாததால் மிக அரியது, பல இலட்சம் தருகிறோம்” என்று தொலைபேசியில் ஒருவர் கூறினாராம். அதற்குப் பதிவுக் கட்டணம் செலுத்தவே பெரியவர் வந்திருந்தார். நாம் விவரம் கேட்டதனால் அப்பணம் அவர் கணக்கிலேயே தங்கியது. அவரை மயக்கிய அந்த இரண்டு சொற்களின் பொருளை வாடிக்கையாளர் அனைவரும் அறிந்திருப்பது நலம்.

முதலாவது, தரம். நாணயம் எந்த அளவு தேய்ந்துள்ளது என்பதைச் சேகரிப்பாளர்கள் சுருக்கெழுத்துகளால் குறிப்பர். புழக்கத்திற்கே வராதது யு.என்.சி.; மேடான பகுதிகளில் மட்டும் சிறு தேய்மானம் உள்ளது ஏ.யு. இவற்றைத் தொடர்ந்து எக்ஸ்.எஃப்., வி.எஃப்., எஃப்., வி.ஜி., ஜி. என இறங்குவரிசை அமைகிறது. ‘வி.ஜி.’ என்பதே ‘வெரி குட்’. செவிக்கு இனிய இச்சொல், வரிசையில் கடைசிக்கு முந்தைய படியையே குறிக்கிறது! அமெரிக்கரான வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்த 1 முதல் 70 வரையிலான அளவுகோலில் யு.என்.சி. 60இல் தொடங்குகிறது, வி.ஜி. பெறுவதோ 8 அல்லது 10 மட்டுமே.

‘ப்ரூஃப்’ என்பதையும் பலர் தரம் என்றே கருதுகின்றனர். அது தயாரிப்பு முறையின் பெயர். மெருகேற்றிய அச்சுகளைக் கொண்டு, சேகரிப்பாளர்களுக்கெனத் தனிக் கவனத்துடன் அடிக்கப்படும் நாணயம் அது.

இரண்டாவது, நாணயச்சாலைக் குறி. இன்றைய நாணயங்களில் இது ஆண்டு எண்ணின் கீழே காணப்படும். மும்பைக்குச் சாய்சதுரம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி. கொல்கத்தாவுக்குக் குறி இல்லை. ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயிலும் பம்பாயில் அச்சானதற்குச் சிறு புள்ளி உண்டு. கல்கத்தாவில் அச்சானதற்கு இல்லை. ஆகவே குறி இல்லாமை அச்சிட்ட ஊரைக் காட்டுமேயன்றி, அருமையைக் காட்டாது.

அப்படியானால் பெரியவரின் ரூபாய்க்கு மதிப்பே இல்லையா? உண்டு. அதன் எடை 11.66 கிராம், அதில் ஏறத்தாழ 10.7 கிராம் தூய வெள்ளி. எவ்வளவு தேய்ந்திருப்பினும் அந்த வெள்ளியின் விலை அதற்கு அடிப்படை மதிப்பாகும். அதற்கு மேல் கிடைப்பதை ஆண்டு, அருமை, தரம் ஆகிய மூன்றும் தீர்மானிக்கும். பளபளப்பாக்கும் எண்ணத்துடன் புளியிட்டுத் தேய்த்தல் கூடாது. மேற்பரப்பு சிதைந்த நாணயத்தைச் சேகரிப்பாளர்கள் குறைத்தே மதிப்பிடுவர்.

பழைய நாணயங்களையும் நோட்டுகளையும் வாங்கி விற்பதாகக் கூறி, இந்திய ரிசர்வ் வங்கியின் பெயரால் கட்டணமோ தரகோ கேட்போரிடம் ஏமாற வேண்டாம் என அவ்வங்கி 2021 ஆகஸ்ட் மாதத்தில் எச்சரித்தது. தான் இத்தகைய வணிகத்தில் ஈடுபடுவதில்லை என்றும், தன் சார்பில் கட்டணம் வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்றும் அது தெளிவுபடுத்தியுள்ளது.

உண்மையாக வாங்க விரும்புபவர் நாணயத்தை நேரில் பார்த்து, விலை பேசி, பணத்தைத் தாம் தருவார்; விற்பவரிடம் முன்பணம் கேட்கமாட்டார். எவரேனும் அவ்வாறு கேட்டால் பணம் அனுப்பும் முன் உங்கள் கிளையை அணுகுங்கள். அனுப்பிவிட்டீர்கள் எனில், காலம் தாழ்த்தாது 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகார் அளியுங்கள்.

பெரியவர் அந்த ரூபாயை விற்கவில்லை. அது தம் தந்தையார் தந்தது என்று கூறி, துணியில் சுற்றிப் பத்திரமாக எடுத்துச் சென்றார்.